பேரீச்சந்தோப்பின் சம்பளமில்லாக் காவல்காரன்

வளைகுடா என்றால் நம் ஆட்களுக்கு மணலும் எண்ணெயும்தான் ஞாபகம் வரும். எண்ணெய்க்கு முந்தி அங்கே மணலுக்காக யாரும் வாள் தூக்கவில்லை. தூக்கியதெல்லாம் முத்துக்கும் பேரீச்சந்தோப்புக்கும்தான். பஹ்ரைன், இன்றைய சவூதியில் இருக்கிற கதீஃப், அல் அஹ்ஸா மூன்றும் ஊற்றுநீர் பொங்கிய தோப்பு பூமி. பிடித்தவனுக்குப் பழம் என்று மனிதன் கணக்குப் போட்டான். பிடிக்க வந்தவனுடைய ரத்தம் என்று கொசு கணக்குப் போட்டது.

1529. பஹ்ரைனை ஆண்ட ரயிஸ் பத்ருத்தீன் போர்ச்சுக்கீசியரிடம் முறுக்கிக்கொண்டார். போர்ச்சுக்கீசிய இந்தியாவின் புது கவர்னர் நூனோ த குன்யா, கூடப்பிறந்த சிமாவோவைக் கப்பல் படையோடு அனுப்பி வைத்தார். சிமாவோ கோட்டைச் சுவரைப் பீரங்கியால் தட்டிக்கொண்டே இருந்தார். பந்தி உட்கார்ந்த பிறகு சோறு தீர்ந்த கதையாக வெடிமருந்து தீர்ந்தது. ஹோர்முஸுக்கு ஆள் அனுப்பிவிட்டுக் காத்திருந்தார்கள். வெடிமருந்து வருவதற்குள் வேறு மருந்து தேவைப்பட்டுவிட்டது. காய்ச்சல் படையைப் பாயில் போட்டது, சிமாவோவும் போய்ச்சேர்ந்தார். எதிரி பெரிதாக ஒன்றும் செய்யவில்லை, சுவருக்குப் பின்னால் சும்மா இருந்தார்.

இதைப் பார்த்து யாராவது பாடம் படித்தார்களா? 1559-ல் அல் அஹ்ஸாவின் உதுமானிய ஆளுநர் முஸ்தஃபா பாஷா அதே கோட்டையை முற்றுகையிட்டார். போர்ச்சுக்கீசியர் வந்து அவர் கப்பல்களைப் பிடுங்கிக்கொள்ள, துருக்கியர் தீவில் மாட்டிக்கொண்டார்கள். பிறகு காய்ச்சல் வந்தது. அதற்குச் சுல்தானும் ஒன்று, போர்ச்சுக்கல் ராஜாவும் ஒன்று. கட்சி பார்க்காமல் இரண்டு பக்கமும் சாய்த்தது. கடைசியில் துருக்கியர் ஆயுதத்தையும் காசையும் கொடுத்து, எங்களைக் கரையில் விட்டால் போதும் என்று கெஞ்சிப் போனார்கள்.

அதெல்லாம் மலேரியாதான் என்று நான் சூடம் அணைத்துச் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் தேங்கின தண்ணீர், தோப்பு, பழக்கமில்லாத வெளியூர் ரத்தம் மூன்றும் சேர்ந்த இடத்தில் வேறு யாரைப் பிடித்து விசாரிப்பது?

தோப்புக்குத் தண்ணீர் பாய்கிற விதத்தைத் தஞ்சாவூர்க்காரருக்கு விளக்க வேண்டியதில்லை. அல் அஹ்ஸாவில் ஊற்றுநீர் முதலில் மேல்மடைத் தோப்புக்குப் போகும். மரத்தடியில் நின்று மிச்சமானது வாய்க்காலில் இறங்கி அடுத்த தோப்புக்கு. அங்கே மிஞ்சியது அதற்கும் கீழே. கடைமடைக்காரனுக்கு வருவது உப்பேறின, நாலு பேர் கழித்த தண்ணீர். அதற்கும் மேல் மிஞ்சியது தோப்பு ஓரத்துப் பள்ளத்தில் போக வழியில்லாமல் நிற்கும். போதாததற்கு அங்கே சிவப்பரிசி நெல்லும் போட்டார்கள்! அனாபிலிஸ் கொசுவுக்கு இதைவிட நல்ல பிரசவ ஆஸ்பத்திரி கட்டித் தர முடியாது. மேல்மடை, கடைமடை என்று பார்க்காமல் எல்லோரையும் கடித்த ஒரே ஆள் அதுதான்.

தோப்புக்காரர்களின் உடம்பு வேறு வழி கண்டுபிடித்தது. கதீஃப், அல் அஹ்ஸா மக்களில் பலருடைய ரத்தத்தில் அரிவாள் செல் மரபணு இருக்கிறது. பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் மலேரியா ஆளைக் கொல்லாமல் தடுக்கும். இருவரிடமிருந்தும் வந்தால் அதுவே நோய். கந்துவட்டிக்காரனிடம் வாங்கின பாதுகாப்பு, பேரன் காலம் வரை வட்டி கேட்கும். ஹெர்மன் லேமன் என்ற விஞ்ஞானி 1952-ல் நம் நீலகிரிப் பழங்குடியினரிடம் இந்த மரபணுவைக் கண்டார். 1963-ல் சவூதிக்காரர்களிடம் அது எங்கெங்கே பரவியிருக்கிறது என்று எழுதினார். இரண்டு ஊரிலும் இருப்பது ஒரே வகை மரபணு என்பது பின்னால் தெரிந்தது.

இதற்கெல்லாம் முன்பே எண்ணெய் வந்துவிட்டது. அராம்கோ கம்பெனிக்கு ஆள் வேண்டும். ஆள் இருந்தது தோப்புக் கிராமத்தில். பாதிப் பேர் குளிர்காய்ச்சலில் போர்வைக்குள். லாபம் படுத்துக்கொண்டால் கருணை தானாக எழுந்து நிற்குமே. 1940-களின் கடைசியில் டிடிடி பூச்சிமருந்து வந்து வீட்டுச் சுவரெல்லாம் அடிக்கப்பட்டது. கொசுக்கள் கொத்துக் கொத்தாக விழுந்தன, கம்பெனிக்காரர்கள் கை குலுக்கிக்கொண்டார்கள். 1950-களின் நடுவில் பார்த்தால் அனாபிலிஸ் ஸ்டீபன்சி அதே சுவரில் சாவகாசமாக உட்கார்ந்திருந்தது. டிடிடி பழகிவிட்டது! இந்த ஸ்டீபன்சி யார் தெரியுமா? 1901-ல் இந்தியாவில் பிடித்துப் பெயர் வைக்கப்பட்டது. சென்னையில் கிணற்றிலும் மொட்டைமாடித் தொட்டியிலும் குடும்பம் நடத்துகிற அதே ஆள்.

மருந்தைவிட அதற்கு அதிகம் உறைத்தது சிமென்டாக இருக்கலாம். 1971-ல் அல் அஹ்ஸாவில் கான்கிரீட் வாய்க்காலும் வடிகாலும் திறந்தார்கள். பள்ளத்தில் நின்ற தண்ணீருக்குப் போக வழி கிடைத்தது.

பக்கத்து நாடான அமீரகத்தில் அல் அய்ன் தோப்புகளுக்குப் பூமிக்கடியில் ஓடிவரும் ஃபலஜ் தண்ணீர். வாதி என்கிற மலையோரக் காட்டாற்றுப் படுகைகளிலோ மழைக்குப் பின் நிற்கிற குட்டைகள். குட்டை குட்டையாகத் தேடி மருந்தடித்து, 1997-க்குப் பிறகு உள்ளூரில் ஒருவருக்கும் மலேரியா தொற்றவில்லை. 2007-ல் உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் கொடுத்தது. கொசு ஒழியவில்லை, அது சுமந்த மலேரியாச் சரக்குதான் தீர்ந்தது. இப்போது சரக்கு விமானத்தில் வருகிறது. மஸ்ரா என்கிற பண்ணையில் வேலை பார்க்கிற தொழிலாளி லீவு முடிந்து வந்து நடுங்கிப் படுத்தால் ரத்தம் எடுப்பார்கள். எந்த ஊர், எந்தத் தேதி என்று குடைவார்கள். அப்புறம் அவர் அறையைச் சுற்றி டயர், டிரம், ஒழுகுகிற குழாய் என்று தேடுவார்கள். வாளியில் ஒரு புழு நெளிந்தால் போதும், காய்ச்சல்காரரை விட்டுவிட்டு எல்லோரும் வாளியைச் சூழ்ந்து நிற்பார்கள்.