பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம்

சின்ன வயதில் எங்கள் தெருவுக்கு ஒரு பேரீச்சம்பழக்காரர் வருவார். ஓட்டை வாளி, கம்பி முறிந்த குடை, அப்பாவின் கண்ணில் படாமல் கழற்ற முடிந்த எதைக் கொடுத்தாலும் எடை போட்டுப் பழம் தருவார். உலகத்தின் ஆயுத வியாபாரமும் இதே கணக்கில்தான் நடக்கிறது என்பது நாற்பது வருடம் கழித்து எனக்கு உறைத்தது. அப்போது நான் டெக்சாஸில் ஒரு துப்பாக்கிக் கடையின் கண்ணாடிப் பெட்டிமுன் குனிந்து நின்றுகொண்டிருந்தேன்.

உள்ளே ஒரு ரிவால்வர். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 10, நாலு அங்குலக் குழல், ஆறு தோட்டா. கழுத்தில் கட்டியிருந்த அட்டையில் ‘போலீஸ் எக்ஸ்சேஞ்ச்’ என்றும், கீழே 350 டாலர் என்றும் எழுதியிருந்தது. ஏதோ ஓர் ஊர் போலீஸ் இலாகா, புதுசு வாங்குவதற்காகப் பழசைத் தள்ளிவிட்டிருக்கிறது. இலாகாவின் பெயரைப் பொறித்த இடத்தை அரம் போட்டுத் தேய்த்திருந்தார்கள். பாதியில் டீ குடிக்கப் போய்விட்டார்கள் போல. கடைசி மூன்று எழுத்து அப்படியே இருந்தது.

ஒரு காலத்தில் அது கருநீலமாக மின்னியிருக்கும். இப்போது குழலின் நுனியும் சிலிண்டரின் விளிம்பும் தேய்ந்து வெள்ளி பூத்திருந்தன. கைப்பிடியின் வலப்பக்க மரம் எலி கொறித்த மாதிரி இருக்க, இடப்பக்க மரம் நேற்று கடைந்த மாதிரி வழவழப்பாக இருந்தது. காரணம் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. வலது இடுப்பில் தொங்கும் துப்பாக்கிக்கு வெளிப்பக்கம் எதுவோ அதுதான் அடிவாங்கும். கார்க் கதவில் இடிக்கும், நாற்காலிக் கையில் உரசும், டோனட் கடை மேடையில் மோதும். உட்பக்கமோ சொந்தக்காரரின் தொப்பையில் சாய்ந்து சுகமாக வாழும்.

குழலுக்குள் விளக்கடித்துப் பார்த்தால் கதை தலைகீழ். கண்ணாடி! வரிப்பள்ளங்கள் புத்தம் புதுசு. ‘நிறையச் சுமந்தது, கொஞ்சமாய்ச் சுட்டது’ என்பார்கள் அந்த ஊர்க்காரர்கள். நம்மூர் பைக் புரோக்கர் மொழியில் சொன்னால் ‘டாக்டர் ஓட்டின வண்டி சார்.’ இருபது வருடம் வேலை பார்த்ததில் வருடாந்தரத் தேர்வுக்குச் சுட்டது போக, மீதிக் காலம் முழுக்க அது உட்கார்ந்தே இருந்திருக்கிறது. அரசாங்க உத்தியோகம் என்றால் எங்கும் ஒன்றுதான்.

வாங்குவதற்கு ஒரு படிவம் நிரப்ப வேண்டும். அதில் ஒரு கேள்வி: நீங்கள் தலைமறைவாக இருக்கும் குற்றவாளியா? யோசித்துப் பார்த்து ‘இல்லை’ என்று போட்டேன். ‘ஆமாம்’ என்று போட்டவரை நேரில் பார்த்தால் அவர் காலில் விழுந்து கும்பிடலாம், அவ்வளவு சத்தியசந்தர். எஃப்பிஐ-யின் சரிபார்ப்பு, டிகாக்‌ஷன் இறங்கும் நேரத்தில் முடிந்துவிட்டது.

வீட்டில் அதைப் பார்த்ததும் மனைவி சொன்னாள்: “ஊர்ல போலீஸ் ஸ்டேஷன் இருக்கிற தெருவுலயே நடக்க மாட்டீங்க. இங்க வந்து போலீஸ்காரன் கழிச்சுப் போட்டதை காசு குடுத்து வாங்கிட்டு வந்திருக்கீங்க.”

கழித்துப் போட்டதுதான். ஆனால் இந்தத் துப்பாக்கியின் குலமே அப்படி வளர்ந்த குலம். முதல் ஏமாளி ரோலின் வைட் என்பவர். சிலிண்டரை முன்னிருந்து பின்வரை முழுக்கத் துளைத்துவிட்டால், உலோகத் தோட்டாவைப் பின்பக்கமாகவே போடலாம் என்று 1855-ல் காப்புரிமை வாங்கினார். ஸ்மித்தும் வெஸ்ஸனும் ஓடிவந்து, துப்பாக்கிக்கு 25 சென்ட் தருகிறோம் என்றார்கள். ஒப்பந்தத்தில் இன்னொரு வரியும் இருந்தது. யாராவது இதைக் காப்பியடித்தால் வழக்குப் போட்டு விரட்டுவது வைட்டின் பொறுப்பு, வைட்டின் செலவு. வீட்டை வாடகைக்கும் விட்டு, வாடகைக்காரருக்குக் கூர்க்கா வேலையும் பார்த்த கதை.

அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் வந்தது. ரிவால்வருக்கு ஏகக் கிராக்கி, ஆளாளுக்குக் காப்பியடித்தார்கள். ஸ்மித்தும் வெஸ்ஸனும் பணத்தை எண்ண, வைட் நீதிமன்றப் படியை எண்ணினார். 1869-ல் காப்புரிமை காலாவதியானதும், இன்னும் சில வருடம் நீட்டிக்கொடுங்கள் என்று அமெரிக்கக் காங்கிரஸிடம் முறையிட்டார். காங்கிரஸுக்கே மனம் இளகி மசோதாவை நிறைவேற்றியது. அதைத் தள்ளுபடி செய்தவர் ஜனாதிபதி கிராண்ட். போர்க்காலத்தில் இந்தக் காப்புரிமையால் அரசாங்கத்துக்குத் தொல்லைதான் மிச்சம் என்று ராணுவத் தளவாடத் துறை சொல்லியிருந்தது. வைட்டுக்குப் பழம்கூடக் கிடைக்கவில்லை, கொட்டைதான்.

ரிவால்வரைப் போலீஸ் இடுப்பில் ஒரே மாதிரி மாட்டிவிட்டவர் தியடோர் ரூஸ்வெல்ட். ஜனாதிபதி ஆவதற்கு முன், 1895-ல், நியூயார்க் போலீஸ் ஆணையக் குழுவுக்குத் தலைவராக வந்தார். நடுராத்திரியில் தெருத்தெருவாகச் சுற்றி, பணி நேரத்தில் தூங்கிய போலீஸ்காரர்களையும் பீர் குடித்துக்கொண்டிருந்தவர்களையும் கையும் களவுமாகப் பிடிப்பது அவருக்குப் பிடித்த பொழுதுபோக்கு. அதுவரை அவரவர் இஷ்டத்துக்கு ஒரு துப்பாக்கி வைத்திருந்தார்கள். ரூஸ்வெல்ட் எல்லோருக்கும் ஒரே மாதிரி 32 கோல்ட் ரிவால்வர் என்று சட்டம் போட்டார், சுடக் கற்றுக்கொடுக்கப் பள்ளியும் வைத்தார். கண்ணாடியைக் கழற்றினால் எதிரே நிற்பது ஆளா கம்பமா என்று தெரியாத மனிதர், ஊருக்கே குறி பார்க்கச் சொல்லிக்கொடுக்க ஏற்பாடு செய்தார்!

என் ரிவால்வரின் நேர்ப் பாட்டன் 1899-ல் பிறந்தான். பெயர் ‘மிலிட்டரி அண்ட் போலீஸ்.’ அவனுக்கென்றே செய்த தோட்டாதான் 38 ஸ்பெஷல். அதற்கு முந்தைய 38 பிலிப்பைன்ஸ் போரில் அமெரிக்க ராணுவத்தின் மானத்தை வாங்கியது. குண்டு பட்ட ஆள் விழாமல் மேலே மேலே வந்துகொண்டிருந்தான் என்று அதிகாரிகள் புலம்பினார்கள். ஸ்பெஷலில் தோட்டாக் கூட்டைக் கொஞ்சம் நீட்டி, மருந்தைக் கொஞ்சம் கூட்டியிருந்தார்கள். இதில் ஒரு தில்லுமுல்லு உண்டு. 38 என்றால் குண்டின் விட்டம் 0.38 அங்குலம் என்றுதானே நினைப்பீர்கள்? அளந்து பார்த்தால் 0.357. பழங்காலக் கூட்டின் அளவை வைத்து வந்த பெயரை யாரும் திருத்தவில்லை. எட்டு முழ வேட்டி என்று வாங்கி வீட்டில் முழம் போட்டுப் பார்த்தவர்களுக்கு இது புரியும். 1935-ல் கூட்டை இன்னும் கொஞ்சம் நீட்டி, ‘357 மேக்னம்’ என்று உண்மை அளவைச் சொல்லி விற்றார்கள். உலகமே மிரண்டது. சின்ன எண்ணைப் பார்த்துப் பெரிய துப்பாக்கி என்று மிரண்ட கூத்து அது.

நான் ரசித்து ரசித்துச் சொல்லும் கட்டம் 1940. ஹிட்லர் வாசலில் நிற்கிறான், பிரிட்டனுக்குத் துப்பாக்கி வேண்டும். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ஒரு புது லைட் ரைபிள் செய்து தருவதாகச் சொல்லி, 10 லட்சம் டாலர் முன்பணம் வாங்கியது. ரைபிள் போய்ச் சேர்ந்தது. பிரிட்டிஷ்காரர்கள் தங்கள் தோட்டாவைப் போட்டுச் சுட்டுப் பார்த்தார்கள். சோதனை முடிவதற்குள் பாகங்கள் உடைந்தன. சரி, பணத்தைத் திருப்பிக் கொடு என்றார்கள். பணம் எங்கே இருக்கிறது? அது அப்போதே செலவாகிவிட்டிருந்தது. சீட்டுப் பிடித்த மாமியைப் பத்தாம் மாதம் பார்க்கப் போனவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. கடைசியில் ஏற்பட்ட உடன்பாடு: காசு இல்லை, அதற்குப் பதில் ரிவால்வர் வாங்கிக்கொள்ளுங்கள்.

திரும்பி வந்த ரைபிளோ திரும்பாத ரைபிளோ, பெரும்பாலானவை உடைத்து ஒழிக்கப்பட்டன. ஆனால் வேறு வழியில்லாமல் கைமாறிய ரிவால்வர் நின்றது. துப்பாக்கிகளின் வரிசை எண்கள் 10 லட்சத்தைத் தொட்டதும், 1942-ல், வெற்றிக்கு அடையாளமாக ‘வி’ என்ற எழுத்தை முன்னால் போட்டு மறுபடி எண்ணத் தொடங்கினார்கள். பிரிட்டனுக்கும் அதன் கூட்டாளி நாடுகளுக்கும் மட்டும் 5 லட்சத்துக்கும் மேல் போனது. கடன்காரன் கொடுத்த பழைய பாத்திரத்தில் போர்க்காலம் முழுக்கச் சோறு வடித்தார்கள்.

போர் முடிந்ததும் பிரிட்டனுக்கு அவை மறுபடி பழைய இரும்பு. வியாபாரிகள் மூட்டையாக வாங்கி அமெரிக்காவுக்கே திரும்ப அனுப்பினார்கள். அப்படி வந்த ஒன்றின் ஐந்து அங்குலக் குழலை இரண்டேகாலாக நறுக்கி, தோட்டா அறையை 38 ஸ்பெஷலுக்குத் தோதாக ஆழப்படுத்தி, லாஸ் ஏஞ்சலிஸ் கடை ஒன்று தபாலில் 29 டாலர் 95 சென்டுக்கு விற்றது. 1963-ன் தொடக்கத்தில் அதைப் பொய்ப் பெயரில் வரவழைத்தவன் லீ ஹார்வி ஆஸ்வால்ட். நவம்பர் 22 அன்று, கென்னடி சுடப்பட்ட முக்கால் மணி நேரத்தில், டிப்பிட் என்ற டல்லஸ் போலீஸ்காரரை அதனால் கொன்றான். குழல் அகலம், குண்டு ஒல்லி. ஆடிக்கொண்டே வெளியேறிய குண்டுகளில் சரியான தடம் விழவில்லை. இந்தத் துப்பாக்கிதான் என்று எஃப்பிஐ நிபுணர்களுக்கு உறுதியாகக் காட்டியவை, தெருவில் கிடந்த காலிக் கூடுகள். இந்த ஒரு கட்டத்தில் எனக்குச் சிரிப்பு வருவதில்லை. 1968-ல் தபால் வியாபாரத்துக்குச் சட்டம் பூட்டுப் போட்டது.

இதற்கிடையில், 1957-ல், நிறுவனம் எல்லாத் துப்பாக்கிகளுக்கும் எண் கொடுத்தபோது நம் ஆள் மாடல் 10 ஆனான். மொத்தம் 60 லட்சம் உருப்படி என்று கணக்கு. போலீஸ்காரர் என்று ஒரு குழந்தையை வரையச் சொன்னால் இடுப்பில் இதைத்தான் வரையும்.

பிறகு 1986. ஏப்ரலில் மியாமியில் இரண்டு கொள்ளைக்காரர்களிடம் எஃப்பிஐ-யின் எட்டுப் பேர் சிக்கித் தடுமாறி, இரண்டு பேரைப் பறிகொடுத்தார்கள். ஆறு தோட்டாவை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்ற பேச்சு நாடு முழுக்கக் கிளம்பியது. அந்த நேரம் பார்த்து ஆஸ்திரியாவிலிருந்து வந்து இறங்கினார் காஸ்டன் க்ளாக். திரைச்சீலைக் கம்பி செய்துகொண்டிருந்தவர். தன் முதல் துப்பாக்கியிலேயே பாதியைப் பிளாஸ்டிக்கில் செய்து 17 தோட்டா கொள்ளும்படி வைத்திருந்தார். அவருடைய ஆட்கள் ஊர் ஊராகப் போய் போலீஸ் தலைவர்களிடம் சொன்னது, எங்கள் தெருவில் கேட்ட அதே கூவல்தான்: பழசைக் கொடுங்க, புதுசை வாங்கிக்கங்க! இலாகாக்கள் வரிசையில் நின்றன. நியூயார்க் கொஞ்சம் முரண்டு பிடித்து 1993-ல்தான் இறங்கிவந்தது. அங்கே ரிவால்வரை விடமாட்டேன் என்று ஒட்டிக்கொண்டிருந்த கடைசி ஆசாமிகள் 2018 வரை இருந்தார்கள்.

அப்படி எங்கோ ஒரு மூட்டையிலிருந்து உருண்டு வந்ததுதான் என்னுடையது.

ஞாயிற்றுக்கிழமை அதைச் சுடுகளத்துக்குக் கொண்டுபோனேன். சினிமாவில் சுண்டுவிரலால் இழுப்பார்கள். இங்கே சுத்தியைப் பின்னுக்கு இழுத்து வைக்காமல் நேரே விசையை இழுத்தால் ஐந்து கிலோ கனம். ரேஷன் அரிசிப் பையை ஒற்றை விரலில் தூக்கிக்கொண்டே, அதே கையால் ஊசியில் நூல் கோப்பது போன்ற வேலை. முதல் ஆறும் காகிதத்தின் இடப்பக்கக் கீழ்மூலையில் போய்க் கூடி நின்றன. குறி பார்ப்பதற்கு மேலே ஒரு பள்ளமும் முன்னால் ஒரு முள்ளும் மட்டும்தான். திருத்தியமைக்க எதுவும் கிடையாது. குண்டு எங்கே போகிறதோ அதைப் பார்த்து நாம்தான் திருந்த வேண்டும்.

பக்கத்துத் தடத்தில் ஓய்வுபெற்ற போலீஸ்காரர் ஒருவர். எழுபது தாண்டியவர். “கொஞ்சம் பார்க்கலாமா?” என்றார். கொடுத்தேன். சிலிண்டரைத் திறந்து ஒரு சுற்று, மூடிச் செவியருகே ஒரு சொடுக்கு, கொறிபட்ட வலப்பக்க மரத்தின்மேல் கட்டைவிரலால் ஒரு தடவல். பேரனைத் தூக்கிப் பார்க்கும் முகம். ஆறையும் நிதானமாகச் சுட்டார். தட்டையான மூக்குள்ள குண்டு, பஞ்சிங் மெஷின் போட்ட மாதிரி வட்ட வட்ட ஓட்டை. ஆறையும் ஒரு காபி டம்ளரால் மூடிவிடலாம்.

“எங்க இலாகாவுல இதையெல்லாம் வாரிக் கொடுத்தப்ப நான் லீவுல இருந்தேன்,” என்றார். “இருந்திருந்தா என்னோடதை ஒளிச்சு வெச்சிருப்பேன்.”

“சர்வீஸ்ல எத்தனை தடவை சுட்டிருக்கீங்க?”

“ஆள் மேலயா? ஒரு தடவைகூட இல்ல. பிடியால வால்நட் உடைச்சிருக்கேன்.”

போன மாதம் தோட்டா வாங்க அதே கடைக்குப் போனேன். என்னுடையது இருந்த கண்ணாடிப் பெட்டியில், அதே இடத்தில், அதே மாதிரி அட்டை கட்டிய ஏழெட்டு க்ளாக். மூக்கு நுனி தேய்ந்திருந்தது. ஒரு பக்கம் மட்டும் கார்க் கதவின் கீறல். ‘போலீஸ் எக்ஸ்சேஞ்ச்’ என்றது அட்டை. விலை, நான் ரிவால்வருக்குக் கொடுத்ததைவிட 30 டாலர் குறைவு.

படிவத்துக்கு வேண்டிய அடையாள அட்டை பர்ஸில் இருக்கிறதா என்று கை தானாகத் தொட்டுப் பார்த்தது. காரில் உட்கார்ந்திருந்த மனைவி கண்ணாடியை இறக்கிக் கேட்டாள்: “இதையாவது பழசைக் கொடுத்து வாங்குவீங்களா, இல்ல ரெண்டையும் வீட்டுலயே ஊறப்போடுவீங்களா?”