எண்கோட்டுப் படம் வாசிப்போர் வகைப்பாடு

0 முதல் 1 மணி வரை ஓர் எண்கோடு. அரைக்கால் அரைக்காலாக எட்டுக் கூறு. மேலே பெருக்கல் குறிகள், பிள்ளைக்கு ஒன்று. பள்ளிக்கு வர ஆகும் நேரம் என்று கொள்க: ⅛-இல் 2 குறி, ¼-இல் 4, ½-இல் 3, ¾-இல் 1. இதை வாசிப்போர் நால்வகையர். ஐந்தாவதும் உண்டென்பார் உளர்.

முதல் வகை, கோபுரதரிசிகள். அதிக நேரம் எங்கே என்றால் ¼-ஐக் காட்டுவர். அங்கேதானே நாலு குறி! உயரம் தலைக்கணக்கு, நேரம் கீழே கோட்டில் என்பது இவர்க்கு ஏறாது.

அடுத்தவர் ஒருதரத்தார். ⅛, ¼, ½, ¾ நான்கையும் ஒரே தரம் கூட்டி, மொத்தம் 1⅝ மணி என்று பேனாவை மூடிவிடுவர். குறிகளின் எண்ணிக்கையால் பெருக்கிக் கூட்டினால் 3½ மணி.

மூன்றாமவர் சதமர். மணிக்கு 100 நிமிடம் என்பது இவர் கொள்கை. இனம் பெரிதாகலின் உரையும் பெரிது. இளஞ்சதமர்க்குக் கால் மணி 25 நிமிடம், 3.5 மணி என்பது 3 மணி 50 நிமிடம். முதுசதமர் அலுவலகங்களில் காணப்படுவர். ஓவர்டைம் 2.30-ஐயும் 1.45-ஐயும் கால்குலேட்டரில் கூட்டி, வந்த 3.75-ஐ மூன்றே முக்கால் மணி என்று எழுதி, உழைத்த அரை மணியைத் தாமே தானம் செய்வர். பழைய கணக்குக்கு ஓடியும் தப்ப முடியாது. அங்கும் நாளுக்கு 60 நாழிகை. போதாக்குறைக்கு, ஒரு நாழிகை என்ற 24 நிமிடம் நம் கோட்டில் ⅜-க்கும் ½-க்கும் இடையே கூறு எதிலும் ஒட்டாமல் நிற்கும்.

நான்காமவர் வெற்றிடம் விழுங்கிகள். குறியில்லாத கூறு இவர் கண்ணில் படாது. ⅛-இலிருந்து ¾-க்கு மூன்றே தாவல், ஆகவே வித்தியாசம் ⅜ என்பர். உண்மையில் ⅝, அதாவது 37½ நிமிடம்.

ஐந்தாமவர் ஐயுறுவோர். வெற்றிடத்தையே இவர் உற்றுப் பார்ப்பர். ⅜-இல் ஏன் ஒருவருமில்லை? கடிகாரம் பார்த்து எவர் வந்தார்? "கால் மணி ஆகும் சார்" என்று ஒருவன் சொல்ல, அடுத்தவனும் அதையே சொல்லியிருப்பான். 22½ நிமிடம் என்று எந்தப் பிள்ளை வாய் திறக்கும்? ¼-இன் கோபுரம் பாதிக்குப் பாதி வாய்ச்சொல்லால் எழுந்தது என்பது இவர் துணிபு. என் துணிபும் அதுவே.

மொத்தத்தைப் பத்தால் வகுத்துச் சராசரி 21 நிமிடம் என்று கண்டபின், "அந்த 21 நிமிடப் பையன் யார் சார்?" என்று கேட்பவரை இவ்வகையில் அடக்குவதா, ஆறாவது வகுப்பதா என்பதில் உரைகாரர்கள் இன்னும் உடன்படவில்லை.