‘ஓகே’ எந்தப் பக்கம்?

கணக்கர், திருப்பூர்: பகல் முழுக்க டேலியில் வேலை. அதில் வவுச்சரைப் பதிய கன்ட்ரோல் ஏ. சாயங்காலம் வேர்டில் ஒரு கடிதம் அடித்தேன். பழக்கத்தில் கன்ட்ரோல் ஏ அழுத்திவிட்டு அடுத்த வரியைத் தொடங்கினால், கடிதம் முழுக்க மறைந்து திரையில் ஒரே ஒரு ‘வ’ நிற்கிறது. எனக்கு வயதாகிவிட்டதா?

முதலில் கன்ட்ரோல் இசட்டை இரண்டு மூன்று முறை அழுத்துங்கள். கடிதம் திரும்பி வந்துவிடும். வந்துவிட்டதா? இப்போது பேசலாம்.

உங்களுக்கு வயதாகவில்லை. உங்கள் கை கற்ற வேலையை அப்பழுக்கில்லாமல் செய்திருக்கிறது. டேலியில் கன்ட்ரோல் ஏ என்றால் ‘ஏற்றுக்கொள்’. வேர்டில் ‘எல்லாவற்றையும் தேர்ந்தெடு’. அப்படித் தேர்ந்தெடுத்த பிறகு எந்த எழுத்தை அடித்தாலும், இருந்ததெல்லாம் போய் அந்த எழுத்து வந்து உட்கார்ந்துகொள்ளும். டேலியை உருவாக்கிய நிறுவனம் பெங்களூரில் தொடங்கியது 1986-இல். எந்தச் சாவிக்கு என்ன வேலை என்று கணினி உலகம் தனக்குள் பேசி முடிக்காத காலம் அது. இரண்டு வீட்டாரும் தங்கள் தங்கள் முறையில் சரி. நடுவில் தினமும் போய் வருகிற உங்களுக்குத்தான் அடி.

இந்த விபத்துக்கு ஒரு மூத்த அண்ணன் உண்டு. 1970-களில் கலிஃபோர்னியாவில், ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் ‘பிராவோ’ என்றொரு எழுத்துச் செயலி இருந்தது. கட்டளையிடும் நிலை வேறு, எழுதும் நிலை வேறு. எழுதும் நிலையில் இருப்பதாக நினைத்துக்கொண்டு ‘எடிட்’ என்ற ஆங்கிலச் சொல்லை ஒருவர் அடித்தார் என்று வையுங்கள். முதல் எழுத்து ஆவணம் முழுவதையும் தேர்ந்தெடுக்கும். இரண்டாவது எழுத்து அதை அழிக்கும். மூன்றாவது ‘இனி வருவதைச் செருகு’ என்று சொல்லும். நான்காவது எழுத்து மட்டும் அனாதையாகத் திரையில் நிற்கும். உங்கள் ‘வ’ மாதிரியே.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கும்பகோணம்: நகலெடுக்க சி என்பது புரிகிறது, ‘காப்பி’யின் முதல் எழுத்து. ஒட்டுவதற்கு ஏன் வி? ‘பேஸ்ட்’டில் அந்த எழுத்தே இல்லையே?

ஐயா, பதில் உங்கள் பழைய சிவப்புப் பேனாவில் இருக்கிறது. பிழை திருத்தும்போது, சொல் விடுபட்ட இடத்தில் கூரை மாதிரி ஒரு குறி போடுவீர்களே, அதைத் தலைகீழாகத் திருப்பினால் வி. ‘இங்கே செருகு’ என்று பொருள். வெட்டுவதற்கு எக்ஸ், அடித்துவிட்ட பெருக்கல் குறி. இசட், எக்ஸ், சி, வி நான்கும் விசைப்பலகையின் கீழ் வரிசையில் பக்கம் பக்கமாக இருக்கின்றன. ஒரு கை எலியைப் பிடித்திருக்க, இன்னொரு கை நகராமலே நான்கையும் தொடலாம்.

இந்த ஏற்பாட்டின் பின்னால் இருந்தவர் லாரி டெஸ்லர். ஜெராக்ஸ் ஆய்வு மையத்தில் அவரும் டிம் மாட்டும் 1970-களின் நடுவில் ‘ஜிப்ஸி’ என்ற எழுத்துச் செயலியை உருவாக்கினார்கள். அடித்தால் எழுத்து விழும், வேறு நிலை என்ற பேச்சே இல்லை. வெட்டி ஒட்டுவது அங்கேதான் இன்றைய உருவத்துக்கு வந்தது. பிறகு டெஸ்லர் ஆப்பிளுக்குப் போனார். 1983-இல் வந்த லிசா கணினியில் இந்த நான்கு சாவிகளும் இடம்பிடித்தன. ‘நிலைகள் வேண்டாம்’ என்ற பொருள்படும் இரண்டு ஆங்கிலச் சொற்களைத் தன் காரின் எண் பலகையிலேயே பொறித்து வைத்திருந்த மனிதர் அவர். 2020 பிப்ரவரியில் காலமானார்.

விண்டோஸ் உடனே இதை ஏற்கவில்லை. அது பின்பற்றிய, 1987-இல் ஐ.பி.எம். வெளியிட்ட பொது விதிகளின்படி நகலெடுக்க கன்ட்ரோல் இன்செர்ட், ஒட்ட ஷிஃப்ட் இன்செர்ட். உதவிக்கு எஃப் 1, சாளரத்தை மூட ஆல்ட் எஃப் 4 என்று நாம் இன்றும் அழுத்துவது அந்த விதிகளின் புண்ணியம். 1992-இல் வந்த விண்டோஸ் 3.1-தான் சி, வி-க்கு மாறியது. மாறியபோது பழையதைத் தூக்கி எறியவில்லை என்பதைக் கவனியுங்கள். இன்றும் பல செயலிகளில் ஷிஃப்ட் இன்செர்ட் அழுத்தினால் ஒட்டும். புதுப் பாதை போட்ட பிறகும் பழைய பாதையில் முள் வெட்டிப் போடாத அந்தப் பண்பை நான் மனதார மதிக்கிறேன்.

கல்லூரி மாணவி, திருநெல்வேலி: விடுதியில் என்னுடையது விண்டோஸ், தோழியுடையது மேக், நூலகத்தில் லினக்ஸ். ‘ஓகே’ பொத்தான் ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் இருக்கிறது. எது சரி?

விண்டோஸில் ஓகே முதலில், ரத்து அடுத்து. இடமிருந்து வலம் படிக்கிறவருக்கு முக்கியமானது முதலில் வரட்டும் என்பது வாதம். மேக்கில் ஓகே வலது ஓரத்தில். கண் படித்து முடித்து இறங்கும் கடைசி இடம் அதுதான் என்பது அவர்கள் வாதம். லினக்ஸின் திரைச்சூழல்களில் க்னோம் மேக் வழி, கே.டி.இ. விண்டோஸ் வழி. இரண்டுமே நியாயமான காரணங்கள்தான். ஒரு திரைக்குள் ஒரே வழக்கம் இருக்கும்வரை கை பழகிக்கொள்ளும்.

சாளரத்தை மூடும் பொத்தான் கதை இன்னும் பெரிது. விண்டோஸில் வலது மூலை, மேக்கில் இடது மூலை. லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டு, 2010 ஏப்ரலில் வந்த 10.04 பதிப்பில் வலமிருந்து இடத்துக்கு மாற்றியது. பயனர்கள் கொதித்தார்கள். பிறகு பழகினார்கள். 2017 அக்டோபரில் 17.10 பதிப்பில் மீண்டும் வலத்துக்கே கொண்டுவந்தார்கள். ஏழு ஆண்டு இடப்பக்கம் பழகிய கைகள் மறுபடி பள்ளிக்கூடம் போயின.

என் தீர்ப்பு இது. பொத்தான் எந்தப் பக்கம் என்பதைவிட, அதன் மேல் என்ன எழுதியிருக்கிறது என்பது பெரிது. ‘மாற்றங்களைச் சேமிக்காமல் வெளியேற வேண்டாமா?’ என்று கேட்டு, கீழே ‘ஓகே’, ‘ரத்து’ என்று வைத்தால் எதை அழுத்துவீர்கள்? அதே இடத்தில் ‘சேமி’, ‘சேமிக்காதே’, ‘திரும்பிப் போ’ என்று இருந்தால், கேள்வியைப் படிக்காதவர்கூடத் தப்பித்துக்கொள்வார்.

பத்தாம் வகுப்பு மாணவர், நாகர்கோவில்: ‘சேமி’ பொத்தானில் ஒரு சதுரப் படம் இருக்கிறதே, அது என்ன?

ஃபிளாப்பி வட்டு. மூன்றரை அங்குலம், கொள்ளளவு 1.44 எம்.பி. நீங்கள் இன்று எடுக்கும் ஒரு செல்ஃபிகூட அதில் அடங்காது. சோனி அதன் விற்பனையை 2011-இல் நிறுத்திவிட்டது. படம் மட்டும் நிற்கிறது, நிற்கட்டும். பொருள் மறைந்த பிறகும் எல்லோருக்கும் ஒரே அர்த்தம் தருகிற குறி எழுத்தாகிவிட்டது. எழுத்தை மாற்றக் கூடாது.

ஐ.டி. ஊழியர், சிறுசேரி: அவுட்லுக்கில் ஒரு பெயரைத் தேட கன்ட்ரோல் எஃப் அழுத்தினேன். அந்த மின்னஞ்சலையே வேறொருவருக்கு அனுப்பத் தயாராகி நின்றது!

வேர்டில் அது ‘தேடு’. எக்செல்லில் ‘தேடு’. உலாவியில் ‘தேடு’. அவுட்லுக்கில் ‘முன்னனுப்பு’. வேர்டும் எக்செல்லும் அவுட்லுக்கும் ஒரே நிறுவனத்தின் ஒரே தொகுப்பில் வருபவை என்பதுதான் வருத்தம். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளுக்குள்ளாவது பேச்சு ஒத்துப்போக வேண்டும். அவுட்லுக்கில் தேட கன்ட்ரோல் இ அழுத்துங்கள்.

அச்சக வடிவமைப்பாளர், சிவகாசி: ஃபோட்டோஷாப் புதிதாக மாற்றியதில் என் கன்ட்ரோல் இசட் பழக்கமே கெட்டது. ஏன் மாற்றினார்கள்?

பழைய ஃபோட்டோஷாப்பில் கன்ட்ரோல் இசட்டை ஒருமுறை அழுத்தினால் பின்னால் போகும், மறுமுறை அழுத்தினால் அதே இடத்துக்கு முன்னால் வரும். திருத்தத்துக்கு முன், பின் என்று மாற்றி மாற்றிப் பார்க்க உங்களைப் போன்றவர்களுக்கு அது அருமையான வசதி. உலகில் மற்ற பெரும்பாலான செயலிகளில் ஒவ்வொரு அழுத்துக்கும் ஒரு படி பின்னால் போகும். 2018 அக்டோபரில் வந்த பதிப்பில் ஃபோட்டோஷாப் அந்தப் பொதுவழிக்கு வந்தது. பழையபடியே வேண்டுபவர்கள் விசை அமைப்பில் அதைத் திரும்பப் பெறவும் வழி வைத்தார்கள். மாற்றுவதென்றால் இப்படித்தான் மாற்ற வேண்டும்.

வங்கி ஊழியர், தஞ்சாவூர்: ஒரே மாதிரி வேண்டும் என்கிறீர்கள். அப்படியானால் எதையுமே மாற்றக் கூடாதா?

மாற்றலாம். ஆனால் பழகிய கைக்குக் கணக்குச் சொல்லிவிட்டு மாற்ற வேண்டும். உங்கள் மேசையையே பாருங்கள். கணினியின் எண் பலகையில் 7, 8, 9 மேல் வரிசை. பக்கத்திலிருக்கும் தொலைபேசியில் 1, 2, 3 மேல் வரிசை. அமெரிக்காவில் பெல் ஆய்வகத்தினர் பலவித அடுக்குகளை மனிதர்களிடம் கொடுத்துச் சோதித்து, 1960-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். 1963-இல் பொத்தான் தொலைபேசி வந்தது. கணக்குப் பொறி பழகியவர்களுக்கு அது தலைகீழ். ஆனால் சோதித்துப் பார்த்துச் செய்த தேர்வு. அதனால் நிலைத்தது, உங்கள் கையும் இரண்டையும் தனித்தனியாகக் கற்றுக்கொண்டது.

மறுபக்கம், விண்டோஸ் 8. 1995 முதல் இடது கீழ் மூலையில் இருந்த ஸ்டார்ட் பொத்தானை 2012-இல் எடுத்துவிட்டார்கள். கணினியை அணைப்பது எப்படி என்று பட்டதாரிகள் பக்கத்து மேசையைக் கேட்டார்கள். அடுத்த ஆண்டே 8.1-இல் பொத்தான் திரும்பியது. 2015-இல் விண்டோஸ் 10-இல் பட்டியலும் திரும்பியது.

மொழிபெயர்ப்பாளர், கோவை: தமிழில் கணினியைப் பயன்படுத்த ஆசைப்பட்டு, ஒரு வாரத்தில் ஆங்கிலத்துக்கே திரும்பிவிட்டேன். நம் தமிழில் என்ன குறை?

தமிழில் குறை இல்லை. தமிழைத் திரையில் வைத்தவர்கள் கூடிப் பேசாததே குறை. விசைப்பலகையிலிருந்தே தொடங்குகிறது. ஆங்கில ‘கே’ விசையை அழுத்துங்கள். தமிழ்99 முறையில் ‘ம’ வரும். இன்ஸ்கிரிப்ட் முறையில் ‘க’ வரும். ஒலிபெயர்ப்பு முறையில் ‘க்’ வரும். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டின் பயனாக வந்தது தமிழ்99. உயிர் இடது கைக்கு, மெய் பெரும்பாலும் வலது கைக்கு என்று யோசித்துச் செய்த அடுக்கு. ஆனால் பள்ளியில் அதைக் கற்றுத் தராததால், ஒவ்வொருவரும் கிடைத்ததைப் பழகினோம். ஒருங்குறி பரவுவதற்கு முன் ஒவ்வோர் எழுத்துருவுக்கும் ஒவ்வொரு குறியீடு. பாமினியில் அடித்த கல்யாணப் பத்திரிகையை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், மணமக்கள் பெயர் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக நிற்கும்.

அடுத்தது சொற்கள். விக்கிப்பீடியாவில் ‘தொகு’ என்பது இன்னொரு செயலியில் ‘திருத்து’. ஓரிடத்தில் ‘பதிவிறக்கு’, மறுஇடத்தில் ‘தரவிறக்கு’. எல்லாமே நல்ல சொற்கள். ஆனால் படிக்கிறவர் ஒவ்வொரு முறையும் ‘இது அதுதானா?’ என்று ஒரு நொடி நிற்கிறார். நாளொன்றுக்கு நூறு முறை நின்றால், உங்களைப் போல ஒரு வாரத்தில் ஆங்கிலத்துக்குத் திரும்பிவிடுவார்.

எனக்கு மிகவும் உறுத்துவது மூன்றாவது விஷயம். ஒரு பொத்தானில் ‘சேமி’. பக்கத்தில் ‘அச்சிடவும்’. அதற்கடுத்து ‘நீக்கல்’. ஒருவரை ‘வா’ என்று கூப்பிட்டு, ‘உட்காருங்கள்’ என்று சொல்லி, ‘சாப்பிடல்’ என்று முடிப்பது போல இருக்கிறது. மரியாதை குறையக் கூடாதென்று சிலர் எல்லா இடத்திலும் ‘கவும்’ சேர்க்கிறார்கள். இதில் யார் யாரிடம் பேசுகிறார் என்று யோசித்தால் விடை கிடைத்துவிடும். பொத்தானில் இருப்பது நான் கணினிக்கு இடும் கட்டளை. ஆகவே ‘சேமி’, ‘அச்சிடு’, ‘நீக்கு’. இயந்திரத்துக்கு மரியாதைப் பன்மை தேவையில்லை. செய்தியில் இருப்பது கணினி என்னிடம் சொல்வது. ஆகவே ‘கோப்பின் பெயரைக் கொடுங்கள்’. அங்கே மரியாதை கட்டாயம். இந்த ஒரு விதியைத் தமிழாக்கம் செய்கிற எல்லோரும் பிடித்துக்கொண்டால், பாதித் திரை நேராகிவிடும்.

வாசகி, மதுரை: அப்பாவுக்கு 67 வயது. கணினியைத் தொடவே பயப்படுகிறார். ஏதாவது ஆனால் ‘நான்தான் எதையோ கெடுத்துவிட்டேன்’ என்று எழுந்து போய்விடுகிறார்.

அம்மா, உங்கள் கடிதத்தைத்தான் இந்த வாரம் மறுபடி மறுபடி படித்தேன்.

உங்கள் பாட்டி மின்சாரம் போன நேரத்திலும் அஞ்சறைப்பெட்டியில் கடுகையும் வெந்தயத்தையும் தடுமாறாமல் எடுத்திருப்பார். கிண்ணங்கள் இடம் மாறாததால் அது முடிந்தது. யாராவது மாற்றி வைத்து, குழம்பு கெட்டிருந்தால், பாட்டியையா குறை சொல்வோம்? சமீபத்தில் ஒரு மென்பொருளில் என் சித்தி படிவம் நிரப்புவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். முதல் இரண்டு பக்கத்திலும் வலது கீழ் மூலையில் ‘அடுத்து’. மூன்றாவது பக்கத்தில் அதே மூலையில், அதே நிறத்தில், ‘அழி’. அரை மணி நேர உழைப்பு போனது. உறுதியா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை, மீட்கவும் வழியில்லை. ‘எனக்குத்தான் தெரியவில்லை’ என்றார் சித்தி. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வடிவமைப்பு ஆய்வாளர் டொனால்ட் நார்மன் 1988-இல் இதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். தள்ள வேண்டிய கதவில் இழுக்கிற பிடியை வைத்துவிட்டு, மனிதர்கள் தங்களையே நொந்துகொள்ளும்படி விடுகிறார்கள் என்று காட்டினார். அப்படிப்பட்ட கதவுக்கு இன்று அவர் பெயரே வழங்குகிறது. திரை வடிவமைப்புக்கு ஜேகப் நீல்சன் 1994-இல் தொகுத்த பத்து விதிகளில், தவறினால் திரும்பி வர வழி வை என்பது மூன்றாவது, ஒரே விஷயத்தை ஒரே மாதிரி வை என்பது நான்காவது. முப்பது ஆண்டுகளாக எழுத்தில் இருக்கும் விதிகள் இவை.

மென்பொருள் எழுதும் தம்பி தங்கைகள் இதைப் படித்தால் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த பதிப்பில் ஒரு பொத்தானை நகர்த்துவதற்கு முன், அறுபதைக் கடந்த ஒருவரை உங்கள் திரைக்கு முன் உட்காரவைத்து, வாய் பேசாமல் பத்து நிமிடம் பாருங்கள்.

அம்மா, நீங்கள் இன்று மாலை அப்பாவோடு உட்காருங்கள். வெற்று ஆவணத்தில் அவருக்குப் பிடித்த நான்கு வரியை அடிக்கச் சொல்லுங்கள். பிறகு அவர் கையாலேயே எல்லாவற்றையும் அழிக்கச் சொல்லுங்கள். கன்ட்ரோல் இசட் அழுத்தச் சொல்லுங்கள். நான்கு வரியும் திரும்பி வரும்.