காசு போட்டால் மேலே போகலாம்

சோஷலிசம் போய்விட்டதை திபிலிசியில் யாரும் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. லிஃப்டில் ஏறினால் போதும். பொத்தான்களுக்குப் பக்கத்தில் ஓர் இரும்புப் பெட்டி, கோயில் உண்டியலின் தங்கச்சி மாதிரி உட்கார்ந்திருக்கும். எங்கள் கட்டடத்தில் இருபது தெத்ரி போட்டால்தான் மேலே நகரும். நூறு தெத்ரி சேர்ந்தால் ஒரு லாரி, அதுதான் ஜார்ஜியாவின் பணம். இறங்குவதற்குக் காசில்லை. புவியீர்ப்பு விசையை மட்டும் இன்னும் தனியாருக்குக் கொடுக்கவில்லை போலிருக்கிறது.

திபிலிசியின் க்ல்தானி பகுதியில், சோவியத் காலத்து ஒன்பது மாடிக் கட்டடம் ஒன்றில் குடியிருக்கிறேன். அந்தக் காலத்தில் லிஃப்டும் அரசாங்கத்துடையது, அதிலுள்ள பல்பும் அரசாங்கத்துடையது. பல்பு எரியாவிட்டால் பொறுப்பு யாருடையது என்பதுதான் தெரியாது. 1991-இல் நாடு தனியானது. பின்னாலேயே உள்நாட்டுச் சண்டை, மின்வெட்டு. தொண்ணூறுகளில் ஊரே மண்ணெண்ணெய் அடுப்பில் குளிர்காய்ந்தது. லிஃப்ட், கதவு வைத்த இருட்டறையாக நின்றது. மின்சாரம் திரும்பியபோது அதை ஓட்டும் செலவைக் குடியிருப்பவர்களே ஏற்க வேண்டியிருந்தது. பெட்டி வந்த கதை இதுதான்.

எல்லாம் இலவசமாக அனுபவித்த தலைமுறைதான் இந்தப் பெட்டியைத் திட்டும் என்று நினைத்திருந்தேன். திட்டுவது பேரன்கள். 2017 முதல் விசா இல்லாமல் ஐரோப்பா போய்வர முடிகிறது, போய்வந்த ஐந்தாம் மாடிப் பையன், "எந்த நாட்டிலாவது சொந்த வீட்டுக்குப் போக டிக்கெட் உண்டா?" என்று குதிக்கிறான். அவன் பாட்டிதான் பெட்டியின் கட்சி. "மாவு மூட்டையோடு இருட்டில் ஐந்து மாடி ஏறியிருக்கிறாயா? ஓடுகிற லிஃப்டுக்கு இருபது தெத்ரி கசக்கிறதோ?"

கொள்கை அப்படி. நடைமுறையில் பாட்டி காசு போட்டு நான் பார்த்ததில்லை. கீழே பையோடு நிற்பார். யாராவது வந்து காசு போடும்வரை வானிலை, முட்டுவலி, அரசியல் என்று பேசிக்கொண்டிருப்பார். பிறகு அதே சவாரியில் ஏறிக்கொள்வார். பொதுவுடைமை முழுதாகச் சாகவில்லை என்பதற்கு அவரே சாட்சி. பல கட்டடங்களில் இப்போது கார்டு வந்துவிட்டது. எங்களுக்கும் வரட்டும் என்கிறார் பாட்டி. கார்டைத் தொடுகிறவனுக்குக் காசு போவது கண்ணில் படாதாம், முகம் சுளிக்க மாட்டானாம்.

நுட்சுபிட்ஸே பகுதியில் இன்னும் வேடிக்கை. மலைச்சரிவில் நிற்கும் அடுக்குமாடிகளைப் பாலம் போட்டு இணைத்திருக்கிறார்கள். அங்கே வீடே இல்லாதவர்கள்கூடக் காசு போட்டு லிஃப்டில் ஏறி, பாலத்தைக் கடந்து மேட்டுத் தெருவுக்குப் போய்விடுகிறார்கள். ஒரு கட்டடத்தின் லிஃப்ட், பேட்டைக்கே டவுன் பஸ்.

ஒரே சிக்கல், விருந்தாளி. விருந்தாளி கடவுள் அனுப்பிய பரிசு என்று நம்புகிறவர்கள் ஜார்ஜியர்கள். எத்தனை வருடம் வாடகை கொடுத்தாலும் ஏழாம் மாடிப் பெரியவருக்கு நான் விருந்தாளிதான். நான் காசை எடுத்தால் கையைப் பிடித்துக்கொள்வார். அவர் எடுத்தால் நான் பிடித்துக்கொள்வேன். நேற்றும் இந்த மல்யுத்தம் நடந்தபோது ஒன்பதாம் மாடியில் யாரோ பொத்தானை அமுக்க, கதவு மூடி லிஃப்ட் எங்களை இலவசமாகவே மேலே கொண்டுபோய்விட்டது. இரண்டு பேரும் காசைப் பையில் போட்டுக்கொண்டு, இரண்டு மாடி நடந்து இறங்கினோம்.