இரண்டு மணி அடித்து நின்றால்

மலேசியாவின் ஸ்ரீ கெம்பாங்கானிலிருந்து ஊருக்குப் போகிறவர்களுக்கு முன்பெல்லாம் பெட்டியின் எடைதான் பெரிய கவலை. இப்போது அதைவிடப் பெரிதாக ஒன்று முளைத்திருக்கிறது. ஈ-சிம் போடுவதா, இங்குள்ள எண்ணிலேயே ரோமிங் போடுவதா, திருச்சியில் இறங்கி அங்கேயே சிம் வாங்குவதா? எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் விமான டிக்கெட்டை ஒரு மத்தியானத்தில் முடித்துவிட்டார்கள். சிம் விவகாரம் மட்டும் வாரக்கணக்கில் ஓடியது. இத்தனைக்கும் வித்தியாசம் பத்து, இருபது மலேசிய வெள்ளி. ஆயிரக்கணக்கில் நகை வாங்கப்போகும் என் அத்தைதான் அதில் எல்லாரையும்விடக் கடுமையாக வாதாடினார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. எங்கள் தலைமுறைக்குச் சிக்கனம் கற்பித்ததே வெளிநாட்டுத் தொலைபேசிதான்.

எண்பதுகளின் கடைசியில் எங்கள் வீட்டில் போன் கிடையாது. ஸ்ரீ கெம்பாங்கான் சீனர்களின் புதுக்கிராமம். மலாயா அவசரகாலத்தில் செர்டாங் பாரு என்ற பெயரில் உருவானது. பழைய ஆட்கள் அப்போதும் அந்தப் பெயரையே சொல்வார்கள். மளிகைக்கடை முதலாளியான தவ்கேயிடம் ஒரு போன் இருந்தது. நான் தாத்தாவின் ஊரைப் பார்க்கத் தமிழ்நாட்டில் துறையூர்ப் பக்கம் போனபோது, அம்மாவுடன் பேச வழி அந்த ஒரு போன்தான்.

துறையூர்க் கடைத்தெருவில் மஞ்சள் பலகையில் எஸ்.டி.டி., ஐ.எஸ்.டி., பி.சி.ஓ. என்று எழுதியிருப்பார்கள். உள்ளே ஓர் ஆள் நிற்கும் அளவுக்குக் கண்ணாடிக் கூண்டு. தலைக்கு மேல் சிவப்பு எண்கள் ஓடும் மீட்டர். வெளிநாட்டுக்குப் பேசுகிறவன் அந்த மீட்டரைப் பார்த்தபடியேதான் பேசுவான். பாசம், துக்கம், சந்தோஷம் எதுவானாலும் கண் மேலேதான் இருக்கும்.

நேராகக் கூப்பிட்டு, "அம்மாவை வரச் சொல்லுங்கள்" என்று காத்திருந்தால் சொத்தை எழுதிக் கொடுக்க வேண்டியதுதான். தவ்கேயின் மகன் சைக்கிளை எடுத்து, எங்கள் சந்துக்கு வந்து, அம்மா அடுப்பை அணைத்துச் சேலையைச் சரிசெய்துகொண்டு வருவதற்குள் மீட்டர் வானத்தைத் தொட்டுவிடும். ஆகவே முதல் அழைப்பு தவ்கேக்கு. பாதி மலாயும் பாதி ஹக்காவுமாக ஒரே மூச்சில் சொல்லிவிட்டு வைத்துவிடுவேன். கால் மணி நேரம் கழித்து இரண்டாவது அழைப்பு அம்மாவுக்கு. "அம்மா, நல்லா இருக்கேன். சாப்பிட்டேன். காசு இருக்கு. தாத்தா வீட்டுக் கூரையை மாத்திட்டாங்க. வச்சிடுறேன்." அம்மாவின் பதில் எனக்கு மட்டுமல்ல, கூண்டுக்கு வெளியே வரிசையில் நின்றவர்களுக்கும் கேட்கும். கடல் தாண்டிப் பேசுகிறோம், அதற்குத் தகுந்த சத்தம் வேண்டும் என்பது அவருடைய கணக்கு.

ராத்திரியில் கூப்பிட்டால் மலிவு என்று பூத்துக்காரர் அடிக்கடி யோசனை சொல்வார். அவருடைய பதினோரு மணி எங்களுக்கு ஒன்றரை மணி. காசை மிச்சம் பிடிக்க நடு ராத்திரியில் தவ்கேயை எழுப்புகிறவன் மறுநாள் அந்தக் கடையில் அரிசி வாங்க முடியாது.

நாங்கள் கத்திய கத்தல் போன பாதைக்கு ஒரு சரித்திரம் உண்டு. சென்னைக்கும் பினாங்குக்கும் நடுவே கடலடியில் 1870-71இலேயே தந்திக் கம்பி போட்டுவிட்டார்கள். கப்பலேறிச் சஞ்சிக்கூலிகளாக வந்தவர்கள் காலத்திலேயே அந்தக் கம்பி இருந்தது. அது பேசியது கம்பெனிக்காரர்களின் சேதியை. தொலைபேசிக்கென்று சென்னை-பினாங்குக் கடலடிக் கம்பி வந்தது 1981இல். ஒரே நேரத்தில் பேச 480 வழிகள். துறையூரில் நான் எண்ணை அழுத்தும்போதெல்லாம் அந்த 480ஐயும் வேறு யாரோ பிடித்து வைத்திருந்ததாகவே நம்பி வந்தேன்.

1985இல் அட்டூர் 450 என்ற பெயரில் மலேசியாவில் கார் போன் வந்தது. அதை வைத்திருந்தவர்கள் துறையூருக்குப் போகிறவர்கள் அல்லர்.

பிறகு வீட்டுக்கே போன் வந்தது. வந்ததும் அதை எடுக்கக் கூடாது என்று சட்டம் போட்டோம்! இரண்டு மணி அடித்து நின்றால் பத்திரமாக வந்து சேர்ந்தாயிற்று என்று பொருள். மூன்று அடித்தால் கடிதம் வருகிறது. விடாமல் அடித்தால் மட்டும் எடுக்க வேண்டும், அது கெட்ட செய்தி. காசே இல்லாமல் இவ்வளவையும் சொல்லிவிடலாம் என்று எங்களுக்கு ஏகப் பெருமை. பக்கத்து வீட்டு அக்கா ஏதோ கேட்க நினைத்து, மூன்றாவது மணி அடித்ததும் மனம் மாறி வைத்துவிடுவார். அப்பா ஒரு வாரம் தபால்காரரைப் பார்த்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்பார். அத்தை ஊர் போய்ச் சேர்ந்த அன்று அம்மா பழக்கதோஷத்தில் முதல் மணியிலேயே எடுத்து "ஹலோ" சொல்லிவிட்டார். அந்த ஒரு நிமிடக் காசுக்கு அத்தை இன்றைக்கும் கணக்குக் கேட்கிறார்.

அடுத்து வந்தது வெளிநாட்டுக்குப் பேசும் சுரண்டல் அட்டைக் காலம். பிரிக்ஃபீல்ட்ஸில் நாணய மாற்றுக் கடைக்குப் பக்கத்திலும், கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் பூக்கடைக்குப் பக்கத்திலும் விதவிதமான அட்டைகள் தொங்கும். ராமநாதபுரத்திலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் சாப்பாட்டுக் கடை வேலைக்கு வந்த தம்பிகள்தான் அதற்கு முக்கிய வாடிக்கையாளர்கள். எந்த அட்டையில் எத்தனை நிமிடம் உண்மை, எத்தனை நிமிடம் விளம்பரம் என்பது அவர்களுக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது. இணைப்புக் கட்டணம் என்று பொடி எழுத்தில் இருப்பது ஒவ்வொரு அழைப்பிலும் ஒரு துண்டு கடிக்கும். அதனால் அட்டையை ஒரே மூச்சில் பேசித் தீர்க்க வேண்டும், பாதியில் வைத்தால் நஷ்டம். மனைவியிடம் பேச ஒன்றும் இல்லாதபோதும் அட்டை தீரும்வரை பேசிய நல்ல கணவர்களை அந்தக் காலம் உண்டாக்கியது.

இந்தக் காலத்துக்கு வருவோம். 2005இல் சென்னையையும் மலாக்காவையும் தொட்டுக்கொண்டு போகும் புதிய ஒளியிழைக் கம்பியின் வேலை முடிந்தது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து தமிழ்நாட்டில் டேட்டாவைத் தண்ணீராக்கிவிட்டது. வாட்ஸ்அப்பில் பேசக் காசில்லை. ஆனால் ஈ-சிம் போட்டுக்கொண்டு திருச்சியில் இறங்கினால் கையில் இணையம் உண்டு, இந்திய எண் இல்லை. வாடகைக் காரைக் கூப்பிட்டாலும் சாப்பாடு வரவழைத்தாலும் ஓ.டி.பி. என்று ஓர் எண்ணை எதிர்பார்க்கிறார்கள். உள்ளூர் சிம் வாங்கக் கடவுச்சீட்டு, விசா நகல், புகைப்படம், பிறகு அது உயிர்பெறும்வரை காத்திருப்பு. சிலருக்கு உடனே வரும், சிலருக்கு ஊர் திரும்பும் நாள் நெருங்கும்போது வரும்.

ஆக, எல்லா ஆராய்ச்சிக்கும் பிறகு நாங்கள் பின்பற்றும் வழி பழைய தவ்கே வழிதான்: சொந்தக்காரர் போனில் ஒட்டிக்கொள்வது. சித்தப்பா பேரனின் ஹாட்ஸ்பாட். அவனுக்கு ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி. காலை பதினோரு மணிக்கே முகம் சுருங்கி வந்து நிற்கிறான். "பெரியப்பா, உங்க குரூப்ல வர்ற குட்மார்னிங் வீடியோ எல்லாம் தானா இறங்குது." அவன் சொல்வது நியாயம். எங்கள் குழுவில் பொழுது விடிவது ஒரு முறை அல்ல.

அப்படிச் சேமித்த இணைப்பில் என்ன பேசுகிறோம் என்றும் சொல்ல வேண்டும். ஸ்ரீரங்கத்தில் நிற்கிறேன், மகள் வீடியோவில் கூப்பிடுகிறாள். என்னவோ ஏதோ என்று எடுத்தால், "அப்பா, டிவி ரிமோட்டை எங்க வச்சீங்க?" நாங்கள் நாலு வாக்கியத்தில் தாத்தா வீட்டுக் கூரைவரை சொல்லி முடித்தோம். இவர்கள் அரை மணி நேரத்தில் ரிமோட்டைக்கூடக் கண்டுபிடிப்பதில்லை.

2022 டிசம்பரில் தமிழ்நாட்டுக் கோயில்களுக்குள் கைபேசிக்குத் தடை விதிக்கும்படி உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. பக்தர்கள் முணுமுணுத்தார்கள். எனக்கு அதில் புகார் ஒன்றும் இல்லை. வாசலில் டோக்கன் வாங்கிக்கொண்டு போனைக் கொடுத்துவிட்டு வெளிப்பிராகாரத்தை இரண்டு தரம் சுற்றுகிறேன். பக்தி என்று வீட்டில் சொல்லிக்கொள்கிறார்கள்.

சரி, யோசனை கேட்பவர்களுக்கு: ஒரு வாரத்தில் திரும்புகிறவர்கள் ரோமிங் பாஸ் போட்டுக்கொள்ளுங்கள். கூடுதலாகும் காசு இரண்டு வாழையிலைச் சாப்பாட்டுக்குள் அடங்கும். குடும்பக் குழுவில் சண்டையும் மிச்சம். ஒரு மாதம் தங்குகிறவர்கள் உள்ளூர் சிம் வாங்குங்கள், புகைப்படத்தை இங்கிருந்தே எடுத்துப் போங்கள். எதைச் செய்தாலும் வங்கிக் கணக்கோடு இணைத்த மலேசிய சிம்மைக் கழற்றித் தாளில் மடித்துப் பத்திரப்படுத்தாதீர்கள். அப்படிப் பத்திரப்படுத்திய சிம் திரும்பக் கிடைத்ததாக எங்கள் குடும்பத்தில் இதுவரை சரித்திரம் இல்லை.