இருமற்குன்றம்: உடல்நிலைச் சொல்லாய்வுக்கு ஒரு பாயிரம்

உடம்பின் நிலைகளுக்குரிய சொற்களை ஆராயப் புகுவோர் ஜெர்மனியில் தொடங்குவது மரபு. வேலை செய்து அலுத்த தசையின் வலிக்கு ஜெர்மானியர் இட்ட பெயர் ‘முஸ்கல்காட்டர்’. நேர்ப்பொருள் தசைப்பூனை, அதுவும் கடுவன். அது பூனையன்று, சளியைக் குறிக்கும் ‘கட்டார்’ என்பதன் மரூஉ என்பர் சொல்வரலாற்றார். அந்நாட்டு ஃபப்ரிசியுஸ் 1779இல் நமக்கே தமிழகராதி அச்சிட்டுத் தந்தவராகலின் மறுத்துப் பேச நமக்கு வாயில்லை.

சளியே மூலமெனின் அத்தனை தொலைவு செல்வானேன்? சிங்கப்பூரில் புக்கிட் பாத்தோக் ரயில் நிலையத்தில் இறங்குக. மலாயில் ‘புக்கிட்’ குன்று, ‘பாத்தூக்’ இருமல். குன்றின் குளிரால் ஊரார் இருமினர் என்பர் ஒருசாரார். கருங்கல் குவாரியின் வெடியோசையே குன்றின் இருமல் என்பர் மற்றொரு சாரார். அஃதேல், ஜாவானியர் சிரட்டையை ‘பாத்தோக்’ என்பரே எனின், அற்றன்று. சிரட்டை இருமாது. ஒரு குவாரி நீர் நிறைந்து ‘குட்டி குய்லின்’ ஆனபின்னும் பெயருக்கு மட்டும் குணமாகவில்லை.

இனி வகை. தலைவலி ஆய்வுக்குரியதன்று, கோடாலித் தைலத்துக்குரியது. காய்ச்சல் வந்தால் தெரியும்.

இருமலோ கடல். கமறல், செருமல், வறட்டிருமல், கக்குவான் என விரியும். இவற்றுள் செருமல் நோயன்று, பேச்சு. மின்தூக்கியில் பொத்தானை மறித்து நிற்பவரை நோக்கிச் செருமுதல் விலக்கற்செருமல். மருமகள் கைப்பேசியில் சிரிக்கையில் கூடத்தில் எழுவது குடும்பச்செருமல். ‘மின்தூக்கி வாய்மொழிக் கோவை’யின் பதினோராம் மாடிப் பாடம் இரண்டையும் ஒன்றென்கிறது. ஆறாம் மாடிப் பாடத்திலோ ‘செருமல்’ வருமிடமெல்லாம் ‘கமறல்’. ஆங்கு ஏறிய பாட்டி பல்செட் அணியாமையான் வந்த பாடபேதம் என்பது கோப்பிக்கடை உரைகாரர் கருத்து (காண்க: ஓரமேசைப் படி, இடப்பக்கத் தேநீர்க்கறை). அக்கறை கோப்பிக்கறையே என மறுத்து ஒரு தனிநூல் உண்டு. அதை மறுத்தவர் அதைப் படித்ததில்லை. துறையொழுக்கம் அதுவே.

குன்றேறி இருமல் வருகிறதா பார்க்கலாமே என்றார் ஒரு மாணவர். கருதுகோளைக் கெடுக்கும் அவ்வழக்கத்தை நாம் ஊக்குவிப்பதில்லை.

எஞ்சியது ‘எம்சி’. அறிகுறி இல்லை, மருத்துவச் சான்றிதழ் உண்டு. அது குறித்த இரண்டாம் பாகம் அச்சில் உள்ளது, அதாவது எழுதத் தொடங்கவில்லை.