இடது காலுக்கு விடுதலை

கேள்வி: தொப்பூர் கணவாய் நெரிசலில் என் பழைய ஜீப்பின் கேபிள் கிளட்ச் காலைக் கொல்கிறது. ஹைட்ராலிக்குக்கு மாற்றலாமா? (ஒரு வாசகர், பாலக்கோடு)

பதில்: தாராளமாக! 1960களின் முஸ்டாங் காரில் இரும்புத் தண்டும் நெம்புகோலும்தான் கிளட்சை இயக்கின. அதற்கே இன்று ஹைட்ராலிக் பூட்டுகிறார்கள். எல்லாம் பாஸ்கல் விதி: அடைபட்ட திரவத்தில் கொடுத்த அழுத்தம் குறையாமல் பரவும். பெடலருகே மாஸ்டர் சிலிண்டர், கியர்பாக்ஸில் ஸ்லேவ் சிலிண்டர், நடுவே திரவம் நிறைந்த குழாய். ஸ்லேவ் பெரிதானால் மிதிப்பது லேசு. ஆனால் அது நகரும் தூரம் குறையும். ஆசைப்பட்டு ரொம்பப் பெரிதாகப் போட்டால் கிளட்ச் முழுதாக விடாது, கியர் கரகரவென்று அழும். அளந்து பொருத்தும் மெக்கானிக்கைத் தேடுங்கள். குழாயில் காற்று நின்றால் பெடல் பஞ்சாகிவிடும். கால் லேசாகிவிட்டதென்று தொப்பூர் இறக்கத்தில் மட்டும் கிளட்சை மிதித்தபடி உருளாதீர்கள். அங்கே பிரேக்குக்குத் துணை, கியரில் கிடக்கும் என்ஜின்தான்.